அப்பா வழிச் சொத்து

உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி எதனால் இறந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத் தோழிகள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். “வயசாயிடுச்சு” என்றாள் ஒருத்தி. எத்தனை வயது என்றால் தெரியவில்லை. “ஏதோ காய்ச்சல்” என்றாள் இன்னொருத்தி. “அப்பா வழிப் பாட்டியா? அவங்களைப் பத்தி வீட்டுல பேச மாட்டாங்க” என்றாள் மூன்றாமவள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் நானும் “நெஞ்சு நோவு” என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள்.

பாட்டி பாடாங் ரெங்காஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். 1979ஆம் ஆண்டு, 43 வயதில் இறந்தார். அப்போது அப்பாவுக்கு ஏழு வயது, சின்ன அத்தைக்கு இரண்டு. இறப்புப் பத்திரத்தில் காரணம் ‘டெமாம்’ என்று எழுதியிருக்கிறது. காய்ச்சலாம்! உண்மையைச் சொன்னவர் பாட்டியின் தங்கை. எண்பதைத் தாண்டிய அவர் இப்போது சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். பாட்டியின் உடலைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர் அவர்தான். “மாருல கட்டி, பெறகு புண்ணு. துணிய வச்சுக் கட்டிக்கிட்டு ஆறு மாசம் பெரட்டுக்குப் போனா. டிரெசர் ஆம்பளையாச்சே, எப்படிக் காட்டுறதுன்னா. நாத்தம் வந்த பெறகுதான் எனக்கே தெரியும்” என்றார். நாற்பது ஆண்டுகள் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் பாட்டி சொல்லவில்லை என்று கேட்டேன். “வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருந்துச்சில்ல” என்றார்.

பெரிய அத்தை 2009இல், 44 வயதில் போய்விட்டார். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது, ‘வயித்துக் கட்டி’ என்றார்கள். அது சூலகப் புற்றுநோய் என்பது அவருடைய பழைய மருத்துவக் கோப்பைத் தேடி எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சூலகம் என்பது பெண்ணின் கருமுட்டை உண்டாகும் உறுப்பு. நம்மில் பலர் வயிற்றுக்குக் கீழே உள்ள அனைத்தையும் ‘கர்ப்பப்பை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

2019இல் சின்ன அத்தைக்கு இடது மார்பில் கட்டி. வயது 42. சிகிச்சைக்குப் போன இடத்தில், “உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா?” என்று கேட்டிருக்கிறார்கள். “யாருக்கும் இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தார் அத்தை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. அவருக்குத் தெரிந்தது நெஞ்சு நோவும் வயிற்றுக் கட்டியும்தான். அந்த ஒரு பதிலால் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஆண்டு வீணானது. சுங்கை சிப்புட்டுப் பாட்டி வாய் திறந்த பிறகே அத்தை மரபணு ஆலோசகரிடம் அனுப்பப்பட்டார். அங்கே வெள்ளைத் தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்ப மரம் வரைந்தார்கள். வட்டம் பெண், சதுரம் ஆண். நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. பாட்டி, பெரிய அத்தை, சின்ன அத்தை என மூன்று கறுப்பு வட்டங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம் இருந்தது, அது என் அப்பா. அந்தச் சதுரத்திலிருந்து கீழே இறங்கிய இரண்டு வட்டங்கள் அக்காவும் நானும்.

இரத்தப் பரிசோதனையில் அத்தைக்குப் பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் பிறழ்வு இருப்பது உறுதியானது. அந்த மரபணு நம் எல்லாருக்கும் உண்டு, ஆண்களுக்கும் உண்டு. செல்லுக்குள் மரபுப் பொருள் உடைந்தால் பழுது பார்ப்பது அதன் வேலை. பிறவியிலேயே அதன் ஒரு பிரதி கெட்டிருந்தால் பழுதுகள் சேர்ந்து சேர்ந்து புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடிவிடுகிறது. 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, பி.ஆர்.சி.ஏ. 2 பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 69 விழுக்காடு, பி.ஆர்.சி.ஏ. 1 என்றால் 72 விழுக்காடு. சூலகப் புற்றுநோய்க்கு முறையே 17, 44 விழுக்காடு. இது எல்லாருடைய கதையும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் ஐந்து முதல் பத்து விழுக்காட்டினருக்கே அது மரபு வழியாக வருகிறது. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து சாக வேண்டியதில்லை.

இந்தப் பிறழ்வு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. அம்மாவிடமிருந்தும் வரலாம், அப்பாவிடமிருந்தும் வரலாம். நம்மவர்களுக்கு இது புரிவதே இல்லை. “அது உங்கப்பா வீட்டு நோயி, உனக்கு எங்க வீட்டு உடம்பு, உனக்கு வராது” என்று என் அம்மாவே சொன்னார். மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா, அம்மாவின் அம்மா, சித்தி, பெரியம்மா என்றுதான் தேடுகிறோம். மாமன் மகள், அத்தை மகன் என்று முறை வைத்துக் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் ‘அப்பா வீடு’, ‘அம்மா வீடு’ என்ற பிரிவே அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பது வேறு கதை.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் மரபு வழி வரலாம் என்பதை அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங் 1990இல் நிறுவினார். அதற்குரிய மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்திய மூலப்பொருள் 23 பெரிய குடும்பங்களின் கதை. அந்தக் குடும்பங்களில் 146 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. யாருக்கு வந்தது, எந்த வயதில் வந்தது, யார் யாருக்கு மகள் என்று அந்தக் குடும்பங்கள் ஒளிக்காமல் சொன்னதால்தான் அந்த மரபணுவின் இடம் தெரிந்தது. பிறகு 1994இல் பி.ஆர்.சி.ஏ. 1, 1995இல் பி.ஆர்.சி.ஏ. 2 என்று இரண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த 23 குடும்பங்களும் நம்மைப் போல் ‘நெஞ்சு நோவு’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2002இல் தொடங்கிய மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வு மலாய், சீன, இந்தியப் பெண்களின் மாதிரிகளைச் சேகரித்து வருகிறது. கேன்சர் ரிசர்ச் மலேசியாவின் பேராசிரியர் தியோ சூ ஹுவாங் அதன் முன்னணி ஆய்வாளர். இதில் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். உலகில் இதுவரை சேர்ந்த மரபணுத் தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. ஆகவே நம் இரத்தத்தைப் பரிசோதிக்கும்போது, “ஒரு மாற்றம் தெரிகிறது, அது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியவில்லை” என்ற அரைகுறைப் பதில் நமக்கே அதிகம் கிடைக்கிறது. நம்மவர்கள் ஆய்வில் சேரச் சேரத்தான் அந்தப் பதில் தெளிவடையும்.

இனி அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். 2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தாயார் 56 வயதில் இறந்தவர். தமக்குப் பி.ஆர்.சி.ஏ. 1 பிறழ்வு இருப்பது தெரிந்ததும், நோய் வருவதற்கு முன்பே இரண்டு மார்பகங்களின் திசுவையும் அகற்றிக்கொண்டதாக அதில் அறிவித்தார். 2015இல் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டார். 2013இல் நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பாவும் மாமாவும் அந்தச் செய்தியைத் தமிழ் நாளிதழில் படித்துச் சிரித்தது நினைவிருக்கிறது. “காசு கொழுத்தவளுக்கு என்ன, நோயே இல்லாம அறுத்துக்கிறா” என்றார் மாமா. இங்கிலாந்தில் அந்தக் கட்டுரைக்குப் பிறகான மாதங்களில் மரபணு ஆலோசனைக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. எங்கள் வீட்டிலோ, அந்தச் சிரிப்பொலியின் நடுவே உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்கு, தம் தாயும் தமக்கையும் எதனால் இறந்தார்கள் என்பதே தெரியாது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2022இல், அதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர் பெரிய அத்தையின் மகள். முறைப்படி எனக்கு அவர் மதினி; ஆனால் சிறுவயது முதலே அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அப்போது அவருக்கு 31 வயது, பாலர் பள்ளிக்குப் போகும் ஒரு மகள். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். “பேர் மட்டும் போடாதே, மத்ததெல்லாம் எழுது” என்றார்.

சின்ன அத்தையின் முடிவு வந்ததும் அவரும் பரிசோதித்துக்கொண்டார். இருக்கிறது என்று வந்தது. மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., மேமோகிராம் எடுத்துக் கண்காணிப்பது. கட்டி வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம், ஆனால் வராமல் தடுக்காது. மற்றொன்று, இரண்டு மார்பகத் திசுவையும் எடுத்துவிடுவது. வரும் வாய்ப்பை அது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கும், ஆனால் சுத்தமாக இல்லாமல் ஆக்காது. “எதைச் செய்யணும்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர்” என்று அழுதிருக்கிறார். “இதை நான் சொல்லக் கூடாது” என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். எட்டு மாதம் யோசித்தார். தன் தாயின் கடைசி மாதங்களில் அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான், அப்போது அவருக்கு 18 வயது. “என் மக எனக்கு அதைச் செய்யக் கூடாது” என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

புகுந்த வீட்டில் பெரிய சண்டை. நோய் இல்லாத உடம்பைக் கத்திக்குக் கொடுப்பதா? சாமி கொடுத்த உடம்பை அறுப்பதா? அடுத்த பிள்ளைக்குப் பால் எப்படிக் கொடுப்பாய்? இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு அவரிடம் பதிலும் இல்லை. மார்பகத் திசுவை எடுத்த பிறகு தாய்ப்பால் கிடையாது. அது தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் பள்ளிவிடுமுறை போல ஒரு மாதம் அவர் வீட்டில் தங்கினேன். விலாவின் இரு பக்கமும் தோலுக்கடியிலிருந்து குழாய் வரும், அதன் முனையில் நீர் சேரும் சிறு குடுவை. கெலாவார் சட்டைக்கு உள்பக்கம் ஊக்குப் போட்டு அவற்றை மாட்டிக்கொள்வார். தினமும் எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து எழுதுவது என் வேலை. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. மகளுக்குத் தலை வார முடியாது. அவர் கணவர், காரை மட்டுமே கழற்றி மாட்டத் தெரிந்த மனிதர், யூடியூப் பார்த்துச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் அந்தப் பிள்ளை கோணல் சடையோடுதான் பள்ளிக்குப் போனது.

வலியைவிட மரத்துப்போனதுதான் கஷ்டம் என்பார். மார்புத் தோலில் உணர்ச்சி திரும்பவில்லை. உள்ளே வைத்த சிலிக்கான் மழை நாளில் சில்லென்று இருக்குமாம். “பாப்பா வந்து சாஞ்சா பாரம் தெரியுது, சூடு தெரியலடி” என்று ஒருநாள் சொன்னார். ஏஞ்சலினா ஜோலியைப் பாராட்டும் கூட்டத்தில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எடுத்த திசுவை ஆய்வுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. நாங்கள் சாமி கும்பிட்டோம். அவர் மாமியாரோ, “பாத்தியா, ஒண்ணுமே இல்ல, வீணா அறுத்துக்கிட்டா” என்றார். முன்தடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெண்ணின் நிலைமை இதுதான். நோய் வந்து பிழைத்தால் ‘போராடி வென்றவள்’ என்பார்கள். வராமலே தடுத்துக்கொண்டால் அவளிடம் காட்டுவதற்கு ஒரு சான்றும் இருக்காது. வராத நோயை எப்படிக் காட்டுவது? அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த உறவினர்கள் முதலில் அவர் மார்பைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். நானே பார்த்தேன்.

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு. ஆனா திருப்பி அந்த நாளுக்குப் போனா வேற மாதிரி செய்வியான்னா, மாட்டேன்” என்றார். நாற்பது வயதை ஒட்டிச் சூலகங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதில் அவருக்குத் தயக்கமே இல்லை. சூலகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இன்னும் கிடையாது. தன் தாய் விஷயத்தில் அதை அவர் பார்த்துவிட்டார்.

இதற்கு நேர்மாறானவர் சின்ன அத்தை. நோய் வந்த இடது மார்பகத்தை எடுத்தார்கள். சூலகங்களையும் எடுத்துக்கொண்டார். ஒரே இரவில் மாதவிலக்கு நின்று, உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது என்று ஈப்போ வெயிலில் விசிறிக்கொண்டே இருப்பார். வலது மார்பகத்தையும் எடுத்துவிடலாம் என்றபோது மறுத்துவிட்டார். “ஒண்ணு போனது போதும்டி. இன்னொண்ணை வருசா வருசம் பாத்துக்கிறேன்” என்றார். ஆண்டுதோறும் தவறாமல் பரிசோதனைக்குப் போகிறார். இவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே மரபணு, ஒரே குடும்பம், இரண்டு பெண்கள், இரண்டு முடிவுகள். இரண்டையும் நான் மதிக்கிறேன். அக்டோபர் மாதம் வந்தால் நம் வளாகத்தில் இளஞ்சிவப்பு நாடா குத்திக்கொள்கிறோம், ‘துணிந்த பெண்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். அறுத்துக்கொண்டால்தான் துணிச்சலா? அறுத்துக்கொள்ளாதே என்று தடுக்கும் மாமியாரும், அறுத்துக்கொண்டவளை மட்டும் வீராங்கனை ஆக்கும் நாமும், அவள் உடம்பைப் பற்றிய முடிவில் நமக்குப் பங்கு இருப்பதாகவே நினைக்கிறோம். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான்.

ஆனால் முடிவெடுக்கும் உரிமை என்று மேடையில் பேசுவதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. முடிவெடுக்க ஒரு விஷயம் இருக்கிறது என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். என் பெரிய அத்தைக்குத் தெரியவில்லை. தன் தாய் எதனால் இறந்தாள் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால், 2009க்கு முன்னால் எந்த மருத்துவரிடமாவது அவர் வாய் திறந்திருப்பார். பாட்டி மறைத்தது வெட்கத்தால். பாட்டியின் தங்கை மறைத்தது எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குத் திருமணம் நடக்க வேண்டும் என்ற அன்பினால். அந்த அன்புதான் அத்தையைக் கொன்றது என்று எழுதினால் என் வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

மறைப்பது தமிழர் மரபு என்று யாராவது சொன்னால் நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் காட்டுவேன். தம் தங்கை புற்றுநோயால் இறந்ததை அவர் ஒளித்து வைக்கவில்லை. அந்த இழப்பிலிருந்துதான் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரை வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்.

நம் நாட்டு நிலைமைக்குத் திரும்புகிறேன். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மூன்று இனப் பெண்களுக்கும் அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரிய வருகிறது. அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான் என்றாலும், மரபணு ஆலோசகர்கள் நாட்டிலேயே மிகச் சிலர், பெரும்பாலும் கோலாலம்பூரையும் அதன் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். கோலா கங்சார் பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். ஏறிப் போனால் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். சின்ன அத்தைக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தமிழ்மொழிப் பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி, இப்போது பல்கலைக்கழகம். இருந்தும் ‘பிறழ்வு’ என்பதை அத்தைக்குப் புரியும்படி சொல்லத் தெரியாமல் விழித்தேன். கடைசியில் தோட்டத்து மொழியே கைகொடுத்தது. கோலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறதல்லவா, தொடக்கப்பள்ளிச் சுற்றுலாவில் நாங்களெல்லாம் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தோம். “அத்தை, நல்ல கன்னோ நோஞ்சான் கன்னோ, விதையிலயே வந்துடுதில்ல, அது மாதிரி” என்றேன். “அப்படிச் சொல்லேன், அதை விட்டுட்டு” என்றார்.

நம் பேரவை ஆண்டுதோறும் கவியரங்கம் நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. நல்லதுதான், நானும் பேசியிருக்கிறேன். மருத்துவப் பிரிவில் படிக்கும் நம் தோழர்களும் தமிழ்த் துறைத் தோழர்களும் ஒரே ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்தால், நான்கு பக்கத்தில் எளிய தமிழில் ஒரு கையேடு தயாரிக்கலாம். குடும்ப மரம் வரைவது எப்படி, எந்தக் கேள்விகளைப் பாட்டியிடம் கேட்பது, முடிவு வந்தால் என்னென்ன வழிகள் உண்டு என்று. கோயில் திருவிழாக்களில் கொடுக்கலாம். முன்னாள் மாணவர்களில் மருத்துவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பிழை திருத்திக் கொடுப்பீர்கள்தானே?

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். குடும்ப மரத்தில் வெள்ளையாக இருந்த அந்தச் சதுரம், என் அப்பா. அவருக்குப் பிறழ்வு இல்லை என்றால் அக்காவுக்கும் எனக்கும் அது அவர் வழியாக வந்திருக்க முடியாது. நாங்கள் பரிசோதிக்கவே தேவையில்லை. இருக்கிறது என்றால் எங்கள் இருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. அவருக்கே புரோஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஆண்களுக்கும் அரிதாக மார்பகப் புற்றுநோய் வரும். எங்கள் இருவரின் கேள்விக்கும் அவருடைய ஒரு குப்பி இரத்தத்தில் விடை இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டுகள் அவர் கொடுக்கவில்லை. “ஆம்பளைக்கு எதுக்கு மாரு டெஸ்டு?” என்பார். உண்மையான காரணம் அம்மா சொன்னதுதான்: “மொதல்ல பெரியவ கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

அக்காவுக்கு 27 வயது. பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். கல்யாணத்துக்காக இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே போய்விட்டன. கடந்த சித்திரையில் அக்கா யாரிடமும் கேட்காமல் தனக்கு நிச்சயம் செய்தவரைத் தைப்பிங்கில் ஓர் உணவகத்துக்கு வரச் சொல்லி, குடும்ப மரம் வரைந்த தாளை மேசையில் விரித்துவிட்டாள். அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல இந்த மாதிரி எழுதினா எத்தனை கறுப்பு வரும்னே எனக்குத் தெரியாதே” என்றாராம். திருமணம் தையில். அவருடைய பெற்றோருக்கு இன்னும் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் இருவர் பாடு.

அக்கா சொன்னதைக் கேட்ட அன்று இரவு அப்பா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “கோலாலம்பூருக்கு ரயில் எத்தனை மணிக்கும்மா?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் போனோம். அப்பா பாட்டியின் இறப்புப் பத்திரத்தை நெகிழித் தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஆலோசகர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். நான் நிரப்புகிறேன் என்று கை நீட்டினேன். “குடு, எனக்கு எழுதத் தெரியும்” என்று வாங்கிக்கொண்டார். லாரி ஓட்டிக் காய்த்துப்போன கை. உறவு என்ற கட்டத்தில் ‘இபு’ என்று எழுதினார். வயது 43. நோய் என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மலாயில், பெரிய எழுத்தில், மார்பகப் புற்றுநோய் என்று எழுதினார். முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகும்.